தண்ணீரில் வளரும் கீரையும் பாக்கெட்டில் வரும் நுண்ணுயிரும்

"மண்ணே இல்லாமல் தொட்டித் தண்ணீரில் கீரை போட்டிருக்கிறேன் அம்மா. வேர் நன்றாகப் பிடிக்கட்டும் என்று பஞ்சகவ்யத்தையும் கொஞ்சம் ஊற்றினேன். மூன்றாம் நாளே தொட்டி நாற ஆரம்பித்துவிட்டது. இந்தக் கீரையை என் ஏழு மாதக் குழந்தைக்கு மசித்துக் கொடுக்கலாமா?" என்று மூன்றாவது மாடி ஃபிளாட்டில் குடியிருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

முதலில் பதில். இந்தத் தடவை கொடுக்க வேண்டாம். தண்ணீரைக் கொட்டிவிட்டு, செடியையும் பிடுங்கிப் போட்டுவிடுங்கள். நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துப்போகும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் சாணமும் கோமியமும் கலந்த தண்ணீர் தெறித்த கீரையைக் கையாலே ஆய்ந்து, அதே பலகையில் அரிந்து, அதே கையால் குழந்தையின் கிண்ணத்தை எடுப்போமே, அங்கேதான் ஆபத்து. பச்சையாகச் சாப்பிடும் புதினா, கொத்தமல்லி, லெட்யூஸ் என்றால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் பஞ்சகவ்யம் கெட்டதா என்கிறீர்களா? இல்லவே இல்லை. மண்ணில் அது அருமையான சரக்கு. விஷயம் என்னவென்றால், செடி பஞ்சகவ்யத்தை அப்படியே குடிப்பதில்லை. அதிலிருக்கும் தழைச்சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் முதலில் அம்மோனியாவாக்குகின்றன. பிறகு வேறு சில நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்குகின்றன. அந்த நைட்ரேட்டைத்தான் வேர் ஆசையாக இழுத்துக்கொள்கிறது. தொட்டித் தண்ணீரில் இந்தச் சமையல்காரர்கள் கிடையாது. அழுகவைக்கும் கிருமிகள் மட்டும் பெருகி, தண்ணீரிலுள்ள பிராணவாயுவைக் காலி செய்துவிடும். வேர் மூச்சுத் திணறிப் பழுப்பாகும். நாற்றமும் அதனால்தான்.

இதற்கு ஜப்பானில் ஒரு வழி கண்டுபிடித்து 2011-ல் வெளியிட்டார்கள். தண்ணீரில் கொஞ்சம் மக்கிய மரப்பட்டை உரத்தைப் போட்டு அதிலுள்ள நுண்ணுயிர்களைக் குடியேற்றுவது, மீன் தொட்டிக்கு விடுகிற மாதிரி காற்றை விட்டுக்கொண்டே இருப்பது, மீன் கரைசல் போன்ற இயற்கை உரத்தைத் தினம் துளித்துளியாகச் சேர்ப்பது. சுமார் 2 வாரத்தில் அந்தத் தண்ணீர் பக்குவமாகிவிடும். செடியை அதற்கப்புறம்தான் வைக்கணும். நம் வீட்டுத் தோசை மாவு கதைதான், புளிக்கிறதுக்கு முன்னால் வார்த்தால் சரியாக வருமா? என் அபிப்பிராயம் கேட்டால், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்க வேண்டாம். கடையில் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக விற்கும் சத்துக் கரைசலே உங்களுக்குப் போதும். இரண்டையும் தனித்தனியாகத்தான் தண்ணீரில் ஊற்றணும். ஒன்றில் கால்சியம் இருக்கிறது. மற்றதிலுள்ள சல்பேட், பாஸ்பேட்டோடு அது கெட்டியாகச் சேர்ந்தால் சுண்ணாம்பு மாதிரி அடியில் உட்கார்ந்துவிடும். செடிக்குப் பட்டினி.

நானே மொட்டை மாடியில் முளைக்கீரையும் புதினாவும் இப்படித்தான் வளர்க்கிறேன். மின்சாரம், பம்பு எதுவும் கிடையாது. வெளிச்சம் புகாத மூடிபோட்ட பக்கெட். மூடியில் ஓட்டை, ஓட்டையில் தென்னை நார்த்தூள் நிரப்பிய சின்ன வலைக் கிண்ணம். ஆரம்பத்தில் கிண்ணத்தின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் பட்டால் போதும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், மேல்வேர் காற்றைச் சுவாசிக்கும். பாவம், தண்ணீர் குறைகிறதே என்று மறுபடி விளிம்புவரை ரொப்பிவிடாதீர்கள். காற்று குடித்துப் பழகிய வேர் மூழ்கிப்போகும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி என்பவர் பிரபலப்படுத்திய முறை இது. தண்ணீரின் பி.எச். 5.5-லிருந்து 6.5-க்குள் இருக்கட்டும். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது, உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

ஓட்டைகளைச் சுற்றி இடுக்கில்லாமல் அடைத்துவிடுங்கள், அல்லது கொசுவலைத் துணியால் மூடுங்கள். தேங்கிய சுத்தத் தண்ணீர் என்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கொண்டாட்டம். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். கீரைக்கு ஆசைப்பட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வரவழைத்துக்கொள்ள முடியுமா?

இனி அந்த நுண்ணுயிர் பாக்கெட்டுகள். எல்லாவற்றையும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். பாஸ்போபாக்டீரியா மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுப்பது. நம் தொட்டியில்தான் அது ஏற்கெனவே கரைந்திருக்கிறதே, அதற்கு இங்கே என்ன வேலை? அசோஸ்பைரில்லம் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும். ஆனால் தண்ணீரில் தழைச்சத்து தாராளமாக இருந்தால் அந்த வேலையை நிறுத்திக்கொள்ளும். இருந்தாலும் வேரைக் கிளைக்கவைக்கும் ஊக்கி ஒன்றை அது சுரக்கிறது, அந்த மட்டில் உபயோகம். அதை ஊற்றிவிட்டோம் என்று சத்துக் கரைசலைப் பாதியாக்காதீர்கள்.

நான் விரும்பி வாங்குவது சூடோமோனாஸ். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெகுகாலமாகப் பரப்பிவரும் நல்ல பாக்டீரியா. வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் சூடேறினால் பிராணவாயு அதில் குறைந்துபோகும், வேரழுகல் பூஞ்சாணம் சுலபமாகப் பிடிக்கும். சூடோமோனாஸ் வேரை முன்கூட்டியே சூழ்ந்துகொண்டு பூஞ்சாணத்துக்கு இடம் கொடுக்காது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்பது கணக்கு. நம் கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை ஜாஸ்தி. தொட்டியில் விடுவதானால் திரவமாகக் கிடைப்பதை வாங்கி, பாக்கெட்டில் போட்ட அளவே விடுங்கள். பவுடரில் டால்க் கலந்திருப்பதால் தண்ணீர் கலங்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை வந்தால் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு அப்புறம் விடுங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய உயிரை நாமே கொன்ற கதைதான். வேர் அழுகி வழவழவென்று ஆனபிறகு ஊற்றிப் பிரயோஜனமில்லை. இது காவல்காரன், வைத்தியன் அல்ல.

சரி, குழந்தைக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15-லிருந்து 49 வயதுக்குட்பட்ட நம் நாட்டுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே கீரை வீட்டில் இருக்கணும், தாய்க்கு முதலில் இருக்கணும். எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடித்தால் சேராது. மருத்துவர் கொடுத்த மாத்திரைக்குப் பதில் கீரை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் கீரை, மண்ணில் வளர்ந்தாலும் தண்ணீரில் வளர்ந்தாலும், நைட்ரேட்டைத் தன்னிடம் சேர்த்து வைக்கும் சுபாவம் கொண்டது. சத்துக் கரைசல் ஜாஸ்தியாகி வெயில் குறைந்தால் இன்னும் அதிகம். பெரியவர்களுக்குப் பாதகமில்லை. மசித்த கீரையை வெளியில் வைத்திருந்தால் கிருமிகள் அந்த நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். அது பச்சிளம் குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கவிடாமல் தடுக்கும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஆறு மாதத்துக்கு முன்னால் கீரைச்சாறு, கீரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம், பாட்டி சொன்னாலும் சரி. அதற்கப்புறம் கொடுக்கும்போது அப்போதே வேகவைத்து, வெந்த தண்ணீரை வடித்துவிட்டு, பருப்புச் சாதத்தோடு இரண்டு ஸ்பூன். மீந்ததை ராத்திரிக்கு எடுத்து வைக்காதீர்கள். அறுவடைக்கு மூன்று நான்கு நாள் முன்பே சத்துக் கரைசலைக் கொட்டி வெறும் தண்ணீர் விட்டு, நாள் முழுக்க வெயில் காய்ந்தபின் சாயங்காலம் பறித்தால் நைட்ரேட் கணிசமாகக் குறையும்.

இன்னொன்று. கால்சியம் நைட்ரேட் பார்க்கக் கல்லுப்பு மாதிரி இருக்கும், சூடோமோனாஸ் பவுடர் முகப்பவுடர் மாதிரி. ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டிச் சமையலறை அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள். பேர் எழுதி ஒட்டி, நிழலான இடத்தில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில்.