ஒரே குழந்தையைத் தொடர்ந்து காண்க

மனிதரின் உளவளர்ச்சியை ஆராய்வதற்கு இரு முறைகள் பெருவழக்கில் உள்ளன. வெவ்வேறு வயதினரை ஒரே காலத்தில் சோதித்து ஒப்பிடுவது குறுக்குவெட்டு முறை. ஒரே குழுவினரைப் பல ஆண்டுகள் விடாது பின்பற்றி, குறித்த இடைவெளிகளில் சோதிப்பது தொடராய்வு முறை. முன்னது விரைவில் முடியும், செலவும் குறைவு. ஆயினும் அதனை மட்டுமே கொண்டு வளர்ச்சியைப் பற்றி முடிவு கூறுதல் தகாது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாயி என்னும் உளநூலறிஞர் 1956-ல் தொடங்கிய ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும். 500 பேரை வயது வாரியாக ஒப்பிட்டபோது, அறிவுத்திறன் இளமையிலேயே சரியத் தொடங்குவதுபோலத் தோன்றியது. 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே மனிதர்களைச் சோதித்தபோதோ, பெரும்பாலான திறன்கள் 60 வயதை அணுகும் வரை பெரிதும் குன்றவில்லை எனத் தெரிந்தது. முதியோரின் மதிப்பெண் குறைந்ததற்கு வயது மட்டும் காரணமன்று. அவர்கள் பெற்ற கல்வியும் வளர்ந்த சூழலும் வேறு.

இந்தியாவில் இவ்வேறுபாடு மிகப் பெரிது. 1951-ல் நூற்றுக்கு 18 பேரே எழுத்தறிந்திருந்தனர். 2011-ல் அத்தொகை 70-ஐக் கடந்தது. இத்தகைய நாட்டில் பேரனையும் பாட்டனையும் ஒரே நாளில் சோதித்து முதுமையின் இயல்பை அறிய முயல்வது வீண்.

தொடராய்வுக்கும் ஒரு பெருங்குறை உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல ஆய்வுக்குட்பட்டோர் விலகிப் போவர். பிழைப்புக்காக ஊர் பெயரும் ஏழைக் குடும்பங்கள் விடுபட்டால், எஞ்சியோரைக் கொண்டு வரையும் சித்திரம் உண்மையைவிட அழகாகவே இருக்கும். 2002-ல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் ஏறக்குறைய 3,000 குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய 'யங் லைவ்ஸ்' ஆய்வில் அத்தகைய இழப்பு குறைவாகவே இருந்தது. இடம்பெயர்ந்த குடும்பங்களையும் தேடிச் சென்று கண்டமையே அதற்குக் காரணம்.

ஆகவே, 'வீடு பூட்டியுள்ளது' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டிற்குச் செல்லும் களப்பணியாளர், ஒரு பெயரை மட்டுமன்றி, ஆய்வின் நேர்மையையே இழக்கிறார். ஆசிரியர்க்கும் இதில் பாடமுண்டு. ஒரே தேர்வைக் கொண்டு ஒரு மாணவனை மந்தன் என்று முத்திரையிடுதல் அறிவியலும் அன்று, அறமும் அன்று. அடுத்த பலகையில் இருப்பவனோடு ஒப்பிடுவதைக் காட்டிலும், சென்ற ஆண்டு அவன் இருந்த நிலையோடு அவனை ஒப்பிடுவதே வளர்ச்சியைக் காட்டும்.