விசாரிப்பவர் யாருடைய ஆள்?

1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு ஆலைத் தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நால்வரும் ரங்கவிலாஸ் மில்லைச் சேர்ந்தவர்கள். தங்களோடு வேலை பார்த்த பெண்ணிடம் அத்துமீறிய அடியாள் ஒருவன் கொலையுண்ட வழக்கில் அவர்களுக்கு அந்தத் தண்டனை. கொங்கு மண்டலத்தின் செங்கொடிச் சங்கங்கள் ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களை நினைவுகூர்கின்றன. தியாகத்தைப் பேசும் அந்தக் கூட்டங்களில் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி உண்டு. தனக்கு நேர்ந்ததைப் போய்ச் சொல்ல, ஆலைக்குள் அந்தப் பெண்ணுக்குச் சட்டம் வகுத்துத் தந்த இடம் எதுவும் அன்று இல்லை. மேஸ்திரியிடம் சொல்லலாம், மேஸ்திரி முதலாளியின் ஆள். கேட்க நாதியற்றுப் போன புகார் கொலையில் முடிந்தது; கொலை தூக்குமரத்தில் முடிந்தது.

கோவை மில்களின் நூல்தான் பிற்பாடு நொய்யல் கரையில் பனியனாகி, திருப்பூரை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. செக்கிங்கிலும் கைமடியிலும் முதுகு வளைத்த தாய்மார்களின் பெண்கள் இன்று எல்.ஆர்.ஜி. கல்லூரிக்கும் சிக்கண்ணா கல்லூரிக்கும், அவிநாசி சாலையிலும் பல்லடம் சாலையிலும் எழுந்து நிற்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்கும் போய்வருகிறார்கள். தாய் கம்பெனியில், மகள் கல்லூரியில். ஆனால் இருவரையும் காக்க வேண்டிய சட்டம் ஒன்றே. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். ராஜஸ்தானின் பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமையைத் தொடர்ந்து 1997இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின் பெயரால், கம்பெனியிலும் கல்லூரியிலும் அதை ‘விசாகா கமிட்டி’ என்றே இன்னும் சொல்கிறார்கள்.

அந்த நெறிகளின் முதல் பெரும் சோதனை பின்னலாடைத் தொழிலுக்கு மிக அருகிலிருந்தே வந்தது என்பதைத் திருப்பூரில் பலர் மறந்திருப்பார்கள். ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலின் டெல்லி அலுவலகத்தில், 1988 ஆகஸ்டில், தட்டச்சு எழுத்தராக இருந்த ஒரு பெண் தன் மேலதிகாரிமீது புகார் கொடுத்தார். கவுன்சில் விசாரித்து அந்த அதிகாரியை வேலையைவிட்டு நீக்கியது. உடலில் கை படவில்லையே, முயற்சிதானே என்று கணக்குப் பார்த்த டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. 1999 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, நீக்கம் செல்லும் என்றது. ஒரு புகார் முடிவுக்கு வர ஏறக்குறைய பத்தரை ஆண்டுகள். இத்தனைக்கும் அங்கே விசாரித்த நிறுவனம் புகார் கொடுத்தவரின் பக்கம் நின்றது. அப்படி நிற்காத நிறுவனங்களில் புகார்கள் நீதிமன்றப் படியேறுவதற்கு முன்பே மடிந்துபோயின. அவற்றுக்கு வரலாறும் இல்லை.

கல்விக்கூடங்களின் கதையை எடுத்தால், ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஒரு சாவு நிற்கிறது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். மறு ஆண்டு தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அவர் ஒரு துணைவேந்தரின் மகன் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். 1998இல் சென்னையில் எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா இறந்தபின் ஈவ்டீசிங் தடைச் சட்டம் வந்தது. 2009இல் இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு மருத்துவ மாணவர் அடிபட்டு இறந்தபின் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் ராகிங் ஒழிப்பு விதிகளை இறுக்கியது. சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக 2012இலேயே விதிகள் வந்திருந்தன. அவை ஏட்டில் இருக்க, 2016இல் ஹைதராபாத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவும் 2019இல் மும்பையில் மருத்துவ மேற்படிப்பு மாணவி பாயல் தட்வியும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய தாய்மார்கள் இருவரும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட புதிய சமத்துவ விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. அதையொட்டிய வாதங்கள் அடங்கிவிடும்; மகனையும் மகளையும் இழந்தவர்கள்தான் வழக்காட வேண்டும் என்ற வழக்கம் இங்கே நெடுநாளாகத் தொடர்கிறது.

விதிகளின் வாசகத்தில் குறை காண்பது கடினம். பாலியல் புகார்களுக்கென மானியக் குழு வகுத்த 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, கல்லூரிக் குழுவுக்கு மூத்த பேராசிரியை ஒருவர் தலைமை ஏற்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் வேண்டும். மாணவர் தொடர்புடைய வழக்கானால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்களும் அமர வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்றோர் உறுப்பினராகவே கூடாது. ஆனால் அந்தக் குழுவை அமைப்பது நிர்வாகம். அதில் உட்காரும் உதவிப் பேராசிரியையின் சம்பளமும் நிர்வாகத்தின் கையில். புகார் கொடுக்கும் மாணவியின் இன்டர்னல் மார்க்கும், ஆய்வு மாணவியாக இருந்தால் கைடின் கையெழுத்தும், புகாருக்கு ஆளானவரின் கையிலேயே இருக்கக்கூடும். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் ஷிப்டும் லீவும் இருப்பதைப் போலத்தான்.

இந்தச் சிக்கலை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். கி.பி. 921இல் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு யார் தகுதியற்றவர் என்று விரிவாக எழுதிவைத்திருக்கிறது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது என்று முறை சொல்லிப் பட்டியலிடுகிறது. அது பிராமணர் சபை. பெண்ணுக்கோ ஒடுக்கப்பட்டவர்க்கோ அதில் இடமில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், கணக்குக் கேட்பவர் கணக்குக் கொடுக்க வேண்டியவரின் ஆளாக இருக்கலாகாது என்ற தெளிவு அங்கே இருந்தது. பதினொரு நூற்றாண்டு கழித்துத் துறைத்தலைவரை விலக்கிவைக்கும் விதியை எழுதியபோது, நாம் அந்தத் தெளிவின் ஓரத்தை மட்டுமே தொட்டிருக்கிறோம்.

இந்தத் தெளிவு புகாருக்கு ஆளானவருக்கும் வேண்டும். கோவா பல்கலைக்கழகத்தில் 2009இல் எழுந்த புகாரில் ஒரு பேராசிரியர் நீக்கப்பட்டார். 2023 மே மாதம் அந்த நீக்கத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குழு அவசர அவசரமாக நடந்து, தன் பக்கத்தைச் சொல்ல அவருக்குப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று கண்டு, வழக்கைக் குழுவுக்கே திருப்பி அனுப்பியது. பதினான்கு ஆண்டுகள் கழித்து எல்லாம் தொடங்கிய இடத்துக்கே வந்தது. மூடி மறைக்கும் விசாரணை ஒரு தரப்பைக் கெடுக்கும். பேர் கெடாமலிருக்க அள்ளித் தெளிக்கும் விசாரணை இரு தரப்பையும் கெடுக்கும். இரண்டும் நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வனவே.

விசாரிப்பவரை நிர்வாகத்தின் பிடியிலிருந்து விலக்குவதில் கல்லூரிகளுக்கு முந்திக்கொண்டது ஆலைதான். 2021 ஜனவரியில், திருப்பூரின் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான திண்டுக்கல் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார்; ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். 2022 ஏப்ரலில், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளும் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்தன. ஹெச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச். ஆகியவையும் அதற்குக் கட்டுப்பட்டன. 25 தொழிலாளருக்கு ஒருவர் என்று தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களானார்கள். நிர்வாகத்துக்கு வெளியே சுதந்திரமாகப் புகாரை விசாரிக்க வழி பிறந்தது. நிறுவனம் சொன்னபடி நடக்காவிட்டால் ஆர்டர் போகும் என்ற நிலை வந்தது. கல்லூரிக்கு அப்படி எது போகும்? மானியத்தை நிறுத்தலாம் என்கிறது 2015 விதி. மானியமே வாங்காத சுயநிதிக் கல்லூரிகள் நிறைந்த நம் மண்டலத்தில் அதற்கு எடை குறைவு. அங்கே பெரிதாகப் போகக்கூடியது பெற்றோரின் நம்பிக்கைதான். அதைப் பெற்றோர் கேட்டுத்தான் பயன்படுத்த முடியும். அட்மிஷனுக்குப் போகும்போது பஸ் உண்டா, பிளேஸ்மென்ட் உண்டா என்று கேட்கும் பனியன் கம்பெனித் தாய்மார்கள், புகார்க் குழுவில் இருக்கும் அந்த வெளியாள் யார், அவரை நியமித்தது யார் என்றும் கேட்கலாம். சின்னியம்பாளையத்து நால்வர் உயிர் கொடுத்தும் கேட்கப்படாத கேள்வி அது. இன்று கேட்பதற்கு யாரும் உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை.