துணியின் மறுபக்கத்தையும் பார்ப்போம்

எங்கள் வீட்டு அலுமாரியில் உம்மம்மா பூவேலை செய்த தலையணை உறை ஒன்று இருக்கிறது. மூன்று மூலைகளில் ரோசாப்பூ. நான்காவது மூலையில் பென்சில் கோடு மட்டும். அதை ஏன் முடிக்காமல் விட்டார் என்று உம்மாவுக்கும் தெரியாது, சாச்சிமாருக்கும் தெரியாது. அவர் இருந்த காலத்தில் நாங்கள் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

இந்தக் குறையை எனக்கு உணர்த்தியது, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வெள்ளவத்தையில் நான் போன தையல் வகுப்பு. குறுக்குத் தையலும் சங்கிலித் தையலும் பழகத்தான் போனேன். மனத்தில் தங்கியவையோ பக்கத்தில் இருந்து தைத்தவர்களின் கதைகள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்தை விட்டு வந்த மாமி ஒருவர், புத்தளத்து முகாமில் சட்டைகளுக்கு ஓரம் தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்ததைச் சொன்னார். அவருக்கு எதிரே இருந்தவர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் தமிழ் அன்ரி. 1983 கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோன தம் தாயாரின் மேசை விரிப்பை, நினைவிலிருந்து மீண்டும் தைத்துக்கொண்டிருந்தார். கண் மங்கிய மாமிக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பவர் அவர்தான். ஒருவர் இழப்பை மற்றவர் அளந்து பார்த்ததில்லை.

"படிக்கிற பிள்ளைக்குத் தையல் எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அந்த அச்சம் வீணானதல்ல. படிப்பை நிறுத்திவிட்டு ஊசியைக் கையில் கொடுத்த காலமும் இருந்தது. ஆனால் அந்த மாமி தைத்த காசில்தான் அவரது மகள் பல்கலைக்கழகம் போனார். இதை அறியாமல் ஊசியை இகழ்வதும் தவறு. அதன் பின்னாலுள்ள உழைப்பை மறந்து அழகை மட்டும் புகழ்வதும் தவறு.

பலஸ்தீனப் பெண்களின் 'தத்ரீஸ்' பூவேலையைப் பாருங்கள். ஆடையிலுள்ள வடிவத்தைக் கொண்டே அணிந்தவர் எந்த ஊரவர் என்று சொல்ல முடிந்தது. 1948 இல் ஊர்களை இழந்த பின்னரும் அகதி முகாம்களில் தாய்மார் அதை மகள்மாருக்குப் பழக்கினார்கள். 1987 இல் முதலாவது இன்திபாழா தொடங்கிய காலத்தில், கொடியை ஏற்றத் தடை இருந்தபோது, அதன் நிறங்களை ஆடையில் தைத்தார்கள். 2021 இல் யுனெஸ்கோ இக்கலையை அருவக் கலாசார மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வடிவத்தோடு கதையும் கைமாறியதால்தான் ஊர் போனாலும் ஊரின் பெயர் போகவில்லை.

நாம் கைபேசியில் காணொளி பார்த்துத் தைக்கிறோம். அது கையைப் பழக்கும். பிழைத்த தையலைப் பிரித்து மறுபடி தொடங்கும் மனத்தை, வாழ்க்கையையே அப்படித் தொடங்கியவர்களிடம்தான் நான் கற்றேன். எங்கள் ஆசிரியை முதலில் துணியைத் திருப்பித்தான் பார்ப்பார். முடிச்சுகள் அங்கேதான் தெரியும்.

கல்லூரிக் கண்காட்சியில் ஒவ்வொரு கைவேலைக்கும் கீழே பெயரையும் வகுப்பையும் எழுதுகிறோம். யாரிடம் பழகினோம், அவர் எங்கே, எந்தக் காலத்தில் பழகினார் என்று இரண்டு வரி சேர்த்தால் என்ன? சகோதரிகளே, இன்றே வீட்டில் கேளுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

உம்மம்மாவின் நான்காவது மூலையை நான் தைத்து முடிக்கப் போவதில்லை. நாங்கள் கேட்காமல் விட்டதற்கு அடையாளமாக அது அப்படியே இருக்கட்டும்.