ஆட்டக் களம் யார் வீட்டில்?

ஆடுபுலி ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா? நாஞ்சில் நாட்டுக் கிராமங்களில் இதற்குப் பெரிய தளவாடம் எதுவும் தேவைப்பட்டதில்லை. திண்ணையில் கரித்துண்டால் கோடு கீறுவார்கள். மூன்று புளியங்கொட்டைகள் புலி. பதினைந்து கூழாங்கற்கள் ஆடு. சாரல் அடித்துக் கோடு அழிந்தால் என்ன? கரித்துண்டு நம் கையில்தானே இருக்கிறது, மறுபடி கீறிக்கொள்ளலாம்.

இனி வேறோர் ஆட்டத்துக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள். நாகர்கோவிலில் எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் போல உட்கார்ந்திருந்தான். "மாமா, கேம் போச்சு. கொளச்சல் பயலுவள இனி எங்க போயி பாக்க?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது தவறு என்று பிறகு தோன்றிற்று. கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலம் அது. அவனும் குளச்சல், தக்கலை, பூதப்பாண்டி நண்பர்களும் மாலைதோறும் சந்தித்துப் பேசிய ஒரே இடம் அந்த விளையாட்டுதான்.

அதன் பெயர் 'பப்ஜி மொபைல்'. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். கடைசி வரை மிஞ்சுபவர் வென்றவர். பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர், பிறர் செய்த விளையாட்டுகளைப் பொழுதுபோக்காக மாற்றியமைத்துப் பார்த்தபோது உருவான யோசனை இது. தென்கொரியாவின் புளூஹோல் நிறுவனம் அவரை அழைத்துக்கொள்ள, 2017-இல் கணிப்பொறிக்கும், சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தின் உழைப்பில் 2018-இல் செல்போனுக்கும் வந்தது. நாட்டின் பாதுகாப்பையும் மக்களின் தகவல் பாதுகாப்பையும் காரணம் காட்டி, 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் 118 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. பப்ஜியும் அந்தப் பட்டியலில் இருந்தது. செப்டம்பரில் தடை வந்தும் அக்டோபர் 30 வரை பையனின் செல்போனில் ஆட்டம் ஓடிற்றே, அது எப்படி? அன்றைக்குத்தான் இந்தியாவுக்கான சர்வர்கள் நிறுத்தப்பட்டன.

சர்வர் என்றதும் ஓட்டலில் காப்பி கொண்டுவருபவர் உங்கள் நினைவுக்கு வரலாம். பெயர்ப் பொருத்தம் சரிதான். கேட்டதைக் கொண்டுவந்து தரும் கணிப்பொறி அது. ஆனால் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. நாகர்கோவில் பையனின் செல்போன் "நான் சுட்டுவிட்டேன்" என்கிறது. குளச்சல் பையனின் செல்போனோ "நான் அதற்குள் குனிந்துவிட்டேன்" என்கிறது. எதை நம்புவது? இரண்டு செல்போன்களையும் நம்ப முடியாது. ஒன்றில் திருட்டு நிரல் இருந்தால் என்னாவது? ஆகவே, இரண்டும் தங்கள் அசைவுகளை மட்டும் சர்வருக்கு அனுப்புகின்றன. யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே போயிற்று என்ற உண்மைக் கணக்கு அதனிடம்தான் இருக்கிறது. விநாடிக்குப் பலமுறை கணக்கிட்டு, எல்லாருக்கும் தீர்ப்பை அனுப்புகிறது. நாம் திரையில் காண்பது அந்தத் தீர்ப்பின் படம்தான். நடுவரும் அதுவே, ஆட்டக் களமும் அதுவே!

நாகர்கோவிலுக்கும் குளச்சலுக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர்தான். சர்வர் மும்பையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், இவன் சுட்ட குண்டு முதலில் நேர்கோட்டில் சுமார் 1,300 கிலோமீட்டர் போகவேண்டும். பிறகு திரும்பி வரவேண்டும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. போய்வர 2,600 கிலோமீட்டர் என்றால் 13 மில்லி விநாடி. சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் ஒரு வழிக்குச் சுமார் 3,000 கிலோமீட்டர். போய்வர 30 மில்லி விநாடி. உண்மையில் கேபிள் வளைந்து வளைந்து செல்வதாலும், வழியில் பல கருவிகளில் நின்று போவதாலும் இன்னும் கூடும். இவ்வளவு ஓட்டமும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுவதால், களம் நம் கையிலேயே இருப்பதாக மயங்கிவிடுகிறோம்.

அந்த விளையாட்டின் பிற்காலக் கதையும் விசித்திரமானது. அதே கொரிய நிறுவனத்தார், கிராஃப்டன் என்ற பெயரில், இந்தியாவுக்கென்றே ஒரு வடிவத்தை 2021 ஜூலையில் வெளியிட்டார்கள். 2022 ஜூலை 28 அன்று அதுவும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதம், சிறுவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்ற கட்டுப்பாட்டோடு திரும்பி வந்தது. மூன்று மணியே அதிகம் என்பேன், அது இருக்கட்டும். போனதும் வந்ததும் யாரைக் கேட்டு? ஆடியவர்களை யாரும் கேட்கவில்லை.

அரசுத் தடை தனி விவகாரம். அதன் நியாயத்தைப் பேச நான் வரவில்லை. எந்த அரசும் தடை செய்யாமலே, செய்தவர்களே இழுத்து மூடும் விளையாட்டுகளைப் பற்றித்தான் என் வழக்கு. சோனி நிறுவனத்தின் 'கான்கார்ட்' ஏறத்தாழ எட்டு ஆண்டு உழைப்பில் உருவானது. 2024 ஆகஸ்ட் 23-இல் வெளிவந்தது. ஆடுவதற்குப் போதிய ஆள் சேரவில்லை. செப்டம்பர் 6-இல் மூடிவிட்டார்கள். பதினான்கே நாள்! 40 டாலர் கொடுத்து வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. அதைச் செய்த ஃபயர்வாக் என்ற நிறுவனமும் அக்டோபரில் மூடப்பட்டது. எட்டு ஆண்டு வரைந்த ஓவியங்களும் எழுதிய நிரல்களும் எவரும் ஆடிப் பார்க்க முடியாதபடி பூட்டப்பட்டன.

யுபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தயம் இதைவிட மோசம். 2014-இல் வந்த அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள், 2024 மார்ச் 31-க்குப் பிறகு தனியாகக் கூட ஓட்ட முடியவில்லை. சர்வர் நின்றது, கார்களும் நின்றன. அதன் பிறகே, விளையாட்டுகளை இப்படிக் கொல்லக்கூடாது என்று ஓர் இயக்கம் கிளம்பிற்று. ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

நானும் அந்தக் கட்சிதான். லாபமில்லாத ஆட்டத்தை என்றென்றும் நடத்து என்று எந்த நிறுவனத்தையும் கேட்பது நியாயமாகாது. மின்சாரச் செலவு, சம்பளம் எல்லாம் இருக்கிறதே. போகும்போது கரித்துண்டை வைத்துவிட்டுப் போ என்பதுதான் கேள்வி. அதாவது, சர்வர் நிரலை ஆடுகிறவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். விருப்பமுள்ளவர்கள் தங்கள் கணிப்பொறியில் நடத்திக்கொள்வார்கள். விற்கும்போதே, குறைந்தது எத்தனை ஆண்டு நடக்கும் என்று அட்டையில் போடவும் வேண்டும். மருந்துப் புட்டியில் காலாவதி தேதி போடுகிறார்களே!

"நிரலில் பிறரிடம் உரிமம் பெற்ற பகுதிகள் இருக்கின்றன, கொடுக்க இயலாது" என்பது நிறுவனங்களின் மறுப்பு. பழைய விளையாட்டுகளுக்கு இது உண்மையான இடர்ப்பாடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இனி எழுதப்போகும் விளையாட்டுகளுக்கு இது சாக்கு மட்டுமே. முடிவையும் யோசித்தே வரைபடம் போட்டால், அந்தப் பகுதிகளைக் கழற்றி மாற்றும்படி அமைக்கலாம். முடியாத காரியமும் அல்ல. 'நாக்கவுட் சிட்டி' என்ற பந்து விளையாட்டை 2023 ஜூனில் மூடியபோது, அவரவரே நடத்திக்கொள்ளும் பதிப்பு ஒன்றைச் செய்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். 2012-இல் மூடப்பட்ட 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' விளையாட்டை அதன் ரசிகர்கள் அனுமதியில்லாமலே உயிர்ப்பித்து நடத்தினார்கள். என்சிசாஃப்ட் நிறுவனம் அவர்கள்மீது வழக்குத் தொடரவில்லை. 2024 ஜனவரியில் முறையான உரிமமே கொடுத்துவிட்டது.

"நாங்கள் ஆடுவது இலவச விளையாட்டுதானே, எங்களுக்கென்ன நட்டம்?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். இலவச விளையாட்டில் சட்டைக்கும் துப்பாக்கி வண்ணத்துக்கும் அப்பாவின் பணத்தை எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் தெருப் பையன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். சென்ற கோடை விடுமுறையில் வீட்டிலிருந்த பழைய கணிப்பொறியில் 'லுவான்டி' என்ற விளையாட்டின் சர்வரை நிறுவினான். 2024 வரை அதற்கு மைன்டெஸ்ட் என்று பெயர். நிரல் முழுவதும் யாவருக்கும் திறந்தது, இலவசம். ஒரே வைஃபையில் இணைந்த செல்போன்களில், வெளி இணையம் இல்லாமலே தங்கையும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு குளமும் அதன் கரையில் ஒரு வீடும் கட்டினார்கள். ஒரு நாள் மாலை மழையில் மின்சாரம் போய்விட்டது. ஆட்டமும் நின்றது. பிள்ளைகள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து விளக்கு எரிந்ததும், அவன் கணிப்பொறியை முடுக்கினான். குளமும் வீடும் வைத்த இடத்திலேயே இருந்தன.