நான்காம் அடுக்கும் முழு ராக்கெட்டும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த பிறகு, ஊரப்பாக்கத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தபோது, பல வருஷங்களுக்கு முன் என்னிடம் தொழில் பழக வந்து, இன்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய மென்பொருள் ஸ்தாபனம் ஒன்றில் நல்ல பெயர் எடுத்திருக்கும் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். இரண்டு மாதங்களுக்கு முன் அவளை மேனேஜராக உயர்த்தியிருந்தார்கள். ஒன்பது பேர் அவள் பொறுப்பில். வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். "நாள் முழுக்க மீட்டிங்தான் சார். வீட்டுக்குப் போனதும் அம்மா, இன்னைக்கு என்னடி வேலை பார்த்தேன்னு கேட்டா, சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, இராத்திரி பதினொரு மணிக்கு மேல், வீட்டில் எல்லாரும் உறங்கியபின், தன் கீழ் வேலை செய்கிற ஒரு பையனின் கோடைத் திறந்து வைத்துக்கொண்டு தானே திருத்தி எழுதுவதாகவும், அந்த ஒரு மணி நேரமே மனத்துக்கு நிம்மதியாக இருப்பதாகவும் ஒப்புக்கொண்டாள்.

இந்தச் சங்கடம் அவளுக்கு மட்டும் உரியதன்று. பத்து வருஷ காலம் தன் கையால் செய்த காரியம் சரியா தவறா என்பதை அன்றன்றைக்கே, சில சமயம் நிமிஷத்துக்குள்ளேயே, இயந்திரத்தின் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பதிலிலேயே தன் தகுதியையும் தன்மதிப்பையும் கண்டு வந்த ஒருவரை, ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டு, பதில் வர ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகிற, வந்தாலும் அது தம்மால் வந்ததா பிறரால் வந்ததா என்று பிரித்தறிய முடியாத ஒரு ஸ்தானத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கிறோம். வைத்துவிட்டு, அதைப் பதவி உயர்வு என்று அழைத்து இனிப்பும் வழங்குகிறோம். அவர் பழைய தொழிலில் ஒருபடி ஏறவில்லை, புதுத் தொழில் ஒன்றில் அரிச்சுவடி படிக்கத் தொடங்கியிருக்கிறார் என்பதை எடுத்துச் சொல்வார் இல்லை.

இங்கிருந்து சில ஸ்டேஷன்கள் தள்ளி, குரோம்பேட்டையில், சி. ராஜம் அவர்கள் 1949-இல் நிறுவிய எம்.ஐ.டி. இருக்கிறது. 1950-களில் அங்கே விமானப் பொறியியல் கற்ற அப்துல் கலாம், தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றின் வடிவமைப்பில் பின்தங்கியபோது, இயக்குநர் சீனிவாசன் மூன்றே நாள் கெடு விதித்ததையும், இராப்பகலாக உழைத்து அதை முடித்ததையும் நம்மில் பெரும்பாலோர் அறிவோம். உழைப்பின் பெருமைக்கு உதாரணமாகவே அது சொல்லப்படுகிறது. எனக்கோ அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது: அந்த வேலையைச் சக மாணவர்கள் பகிர்ந்துகொண்டிருந்தார்கள், கலாம் கையில் இருந்தது காற்றியக்க வடிவமைப்பு என்ற ஒரு பகுதி. அந்தப் பகுதிக்குள் எது சரி எது தவறு என்று சொல்ல அவரே அதிகாரி.

பின்னால் திருவனந்தபுரத்தில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டுக்கான பணி தொடங்கியபோதும் அப்படித்தான். நான்கு அடுக்குகள் கொண்ட அந்த ராக்கெட்டில் நான்காம் அடுக்கை, செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டு சேர்க்கும் உச்சி அடுக்கை, விக்ரம் சாராபாய் கலாமிடம் ஒப்படைத்தார். சாராபாய் 1971 டிசம்பரில் காலமானபின் விண்வெளித் திட்டத்தின் பொறுப்பேற்ற சதீஷ் தவான், அவரை அந்த ஓர் அடுக்கிலிருந்து எடுத்து, முழு ராக்கெட்டுக்கும் தலைவராக்கினார். நம் நண்பர்கள் பலர் இன்று கடக்கிற வாசற்படி இதுவே.

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுவதற்குச் சில நிமிஷங்களே இருந்தபோது கம்ப்யூட்டர் தடுத்து நிறுத்தியதையும், அருகிலிருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துப் பாதகமில்லை என்றதையும், அதை ஏற்று ஏவச் சொன்னவர் தாமே என்பதையும் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். முதல் அடுக்கு நன்றாக வேலை செய்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் வால்வு ஒன்று சரியாக மூடாமல் நைட்ரிக் அமிலம் கசிந்துபோனதால், ராக்கெட் நிலைகுலைந்து வங்கக் கடலில் விழுந்தது. கோளாறு நிகழ்ந்தது இரண்டாம் அடுக்கில் என்பதை வாசகர்கள் நின்று கவனிக்க வேண்டுகிறேன். அவர் வருஷக் கணக்காகக் கண்போல் காத்து வளர்த்த நான்காம் அடுக்குக்கு அன்று வேலையே வரவில்லை. தம் கைபடாத ஓர் உறுப்பைப் பற்றி, பிறருடைய கணக்கை நம்பி, சில நிமிஷங்களில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த முடிவின் பலனும் அவருடையதாயிற்று. நிர்வாகம் என்று நாம் சொல்கிற தொழிலின் மெய்யான பாரம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

அன்று பத்திரிகையாளர் முன் சென்று தோல்விக்குப் பொறுப்பேற்றவர் தவான். அடுத்த ஆண்டு ஜூலை 18-இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது, பத்திரிகையாளரைச் சந்திக்கும்படி கலாமையே அனுப்பினார். நான்காம் அடுக்கைச் செய்தவருக்கு முழு ராக்கெட்டின் பொறுப்பை எப்படிச் சுமப்பதென்று கற்பித்த பாடம், எந்தப் பயிற்சி வகுப்பிலும் இல்லாமல், இந்த இரண்டு நாட்களிலும் தவான் நடந்துகொண்ட விதத்தில் இருந்தது.

எனக்கு அத்தகைய ஆசான் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தாலும் அப்போது செவி கொடுத்திருப்பேனா என்பது சந்தேகமே. நான் முதன்முதலாக ஆறு பேருக்குத் தலைமை ஏற்ற வருஷம், இளைஞர் ஒருவர் மூன்று வாரம் பாடுபட்டு எழுதிய பகுதி எனக்குத் திருப்தியாக இல்லாமற்போகவே, ஒரே இராத்திரியில் அதை அடியோடு மாற்றி எழுதி வைத்துவிட்டேன். அவருக்கு உதவி செய்துவிட்டதாகவே நினைப்பு. மறுநாள் காலையில் அவர் திரையின் முன் உட்கார்ந்து, சிவப்பில் நீக்கப்பட்ட தம் வரிகளும் பச்சையில் என் வரிகளுமாக நின்றதை, மேலிருந்து கீழாக, ஒரு வார்த்தை பேசாமல் படித்துக்கொண்டே போனார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அதன்பின் அவர் என்னிடம் சந்தேகம் கேட்டு வந்ததே இல்லை. வருஷ முடிவில் வேறிடம் போய்விட்டார். என் கோட் அவருடையதைவிட மேலானதுதான். அதனால் யாருக்கு என்ன லாபம்?

ஆகவே, மாறுகிறவரிடம் மட்டும் குறை காண்பது நியாயமாகாது. சம்பளமும் கௌரவமும் உயர வேண்டுமானால் மேனேஜர் ஆவதொன்றே வழி என்று ஏணியை ஒரே பக்கம் சாத்திவைத்திருக்கும் ஸ்தாபனங்கள், நல்ல நிபுணரை இழந்து, மனமில்லாத நிர்வாகியைப் பெறுகின்றன. தொழில்நுட்பப் பாதையிலேயே கடைசிவரை உயர இடம் வேண்டும். ஒரு வருஷம் நிர்வாகம் பார்த்து, இது நமக்கு ஒத்துவராது என்று உணர்ந்தவர், தலை குனியாமல் பழைய வேலைக்குத் திரும்பவும் வழி வேண்டும். ஊரப்பாக்கத்துக்கு அடுத்த கூடுவாஞ்சேரியிலேயே தலைமையகம் கொண்ட ஸோஹோவில், 1996-இல் தோன்றிய அந்த நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகி பதவியைத் துறந்து தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சிக்குத் திரும்பியதை நாம் கண்டோம். நிறுவனத்தை உருவாக்கியவருக்குச் சுலபமானது ஒன்பது பேருக்கு மேனேஜராக இருப்பவருக்குச் சுலபமன்று என்பதை அறிவேன். ஆயினும் திரும்புவது இறக்கமல்ல என்று ஊரார் கண்முன் ஒருவர் காட்டியிருப்பது சிறிய காரியமல்ல.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. அந்தச் சிவப்பு வரிகளையும் பச்சை வரிகளையும் பற்றி மட்டும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். இருட்டியபின் ஸ்டேஷன்வரை கூடப் போனேன். கடற்கரை செல்லும் வண்டி வண்டலூர்ப் பக்கம் புறப்படத் தயாராக வந்து நின்றபோது, ஏறிக்கொண்டே, "செவ்வாய்க்கிழமை அந்தப் பையனோட ரிலீஸ் சார். நான் பக்கத்துல நாற்காலி போட்டு உட்காரப்போறேன். கீபோர்டைத் தொடமாட்டேன்" என்றாள்.