வசிப்பு எங்கே, வரி எங்கே?



தம்பானூரில் வந்து இறங்கி, சாலைக் கம்போளத்தில் கடை வைத்து முன்னுக்கு வந்த நம்மவர் குடும்பங்களில், அடுத்த தலைமுறை துபாயிலும் மஸ்கட்டிலும் கடை திறக்க எண்ணுகிறது. விமானச் சீட்டு வாங்குமுன் அவர்கள் ஆராய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வருமான வரிச் சட்டப்படி ஒருவர் இந்தியாவில் வசிப்பவர் என்று ஆனால், உலகில் எங்கு ஈட்டிய வருவாய்க்கும் பொதுவாக இங்கே வரி உண்டு. வசியாதவர் ஆனால், இந்தியாவில் பெற்றதற்கும் இங்கு விளைந்ததற்கும் மட்டுமே வரி. சாலைக் கடையின் லாபத்துக்கு எப்படியும் இங்கே வரி உண்டு. வெளிநாட்டுக் கடையின் லாபமே கேள்விக்கு உரியது.

ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஆண்டில் 182 நாள் இங்கு தங்கியவர் வசிப்பவர். முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இங்கு இருந்தவருக்கு 60 நாளே போதும். ஆனால் உத்தியோகத்தின் பொருட்டு நாடு விட்டுச் செல்லும் இந்தியக் குடிமகனுக்கு அந்த 60 நாள், 182 ஆக உயர்கிறது. சொந்த வியாபாரம் உத்தியோகம் ஆகுமா? ஆகும் என்று கேரள ஹைக்கோர்ட்டு 2011இல் தீர்ப்பளித்தது. ஆகவே, செப்டம்பர் 28ஆம் தேதிக்குள் தொழிலுக்காகப் புறப்பட்டு அவ்வாண்டில் திரும்பாதவர், பொது விதிப்படி வசியாதவரே. எனினும், இந்திய வருவாய் 15 லட்சம் ரூபாயைக் கடந்து, வேறு எந்நாட்டிலும் வரிக் கடமை இல்லாத குடிமகனை, ஒரு நாளும் இங்கு தங்காவிடினும் வசிப்பவராகக் கருதும் விதி 2020இல் சேர்க்கப்பட்டது.

இவையெல்லாம் தனி மனிதருக்கு. கூட்டுக் குடும்பத்துக்கும் பங்குதாரர் வியாபாரத்துக்கும் அளவுகோல் வேறு. நிர்வாகம் முழுவதும் வெளிநாட்டில் இருந்தாலன்றி, அவை இந்தியாவில் வசிப்பவையே.

இதற்குச் சான்று, சுப்ரீம் கோர்ட்டு 1950 டிசம்பரில் தீர்த்த சுப்பையா செட்டியார் வழக்கு. அவர் மனைவி மக்களுடன் கொழும்பில் வாழ்ந்து அங்கே வியாபாரம் செய்தவர். இங்கும் சொத்து உண்டு. அந்த ஆண்டில் இங்கு தங்கியது 101 நாளே. ஆயினும் குடும்பக் காரியங்களின் நிர்வாகம் முழுவதும் கொழும்பில்தான் நடந்தது என்பதற்குப் போதிய சான்று காட்ட இயலாமையால், கூட்டுக் குடும்பம் இந்தியாவில் வசிப்பதாகவே தீர்ப்பாயிற்று. நிரூபிக்கும் பொறுப்பு குடும்பத்தின்மீதே விழுந்தது. அன்றிருந்த 1922ஆம் ஆண்டுச் சட்டம் மாறியபோதும், இவ்விதி மாறவில்லை.

எனவே, மகன் துபாயில் கடையைத் திறக்க, கொள்முதலையும் கடன் கொடுப்பதையும் தந்தை இங்கிருந்தே முடிவு செய்தால், பெட்டியோடு மகன் போனானே தவிர வியாபாரம் போகவில்லை. முடிவுகள் உண்மையிலேயே அங்கு எடுக்கப்பட வேண்டும். அதற்கான கடிதங்களும் கணக்குகளும் பத்திரமாக இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டில் பதிந்த தேதிகளையும் விடுமுறைக்கு வந்த நாட்களையும் குறித்து வையுங்கள். ஆடிட்டரைப் பயணத்துக்கு முன்பே கண்டு பேசுங்கள். வரியை ஒளிப்பது வேறு, சட்டம் அறிந்து நடப்பது வேறு. பின்னதே குடும்பத்துக்கு நிம்மதி தரும்.