மூடிய பெட்டிக்கு ஏன் பணம்?

பெங்களூரு ஆஸ்டின் டவுன் நந்தன் மைதானத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகளும் வீட்டுக்குப் போனால் கைபேசியில்தான் ஆடுகிறார்கள். அந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை இலவசம். உள்ளே போன பிறகுதான் காசு கேட்கின்றன.

எப்படிக் கேட்கின்றன என்பதைப் பொறுத்தது ஆடுபவர்களின் மனம். விளம்பரம் பார்த்தால் மறுவாய்ப்பு என்றால் பொறுத்துக்கொள்கிறார்கள். பிஜிஎம்ஐ ஆட்டத்தில் ஒருவர் ஆடைக்கும், துப்பாக்கியின் வண்ணத்துக்கும் செலவழித்தால் அது அவர் விருப்பம். வெற்றியே விலைக்கு வரும்போதுதான் கொதிக்கிறார்கள். 2017 நவம்பரில் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2' கணினி ஆட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில், வெளியீட்டுக்கு முந்தைய நாள் ஆட்டத்துக்குள் நடக்கும் விற்பனையையே இஏ நிறுவனம் நிறுத்திவைத்தது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டமே என்று 2018-ல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் அறிவித்தது.

இங்கே?

பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தடைசெய்தது. பெங்களூரு நிறுவனமான எம்பிஎல்லும் அவற்றை நிறுத்தியது. அவற்றால் எத்தனையோ குடும்பங்கள் கடனில் மூழ்கிய நாட்டில் இது அவசியமான தடை. ஆனால் பணப்பரிசு தராத அதிர்ஷ்டப் பெட்டிகளைப் பற்றி அந்தச் சட்டம் தனியாக எதுவும் சொல்லவில்லை. சிறுவர்களின் கையும் அங்கே நீள்கிறது.

பெட்டிக்குள் என்ன கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வாங்கும் பொத்தானுக்கு மேலேயே காட்டவும், பெற்றோர் ஒப்புதலின்றிச் சிறுவர்களுக்கு விற்காமலிருக்கவும் மத்திய அரசு உடனே விதி வகுக்க வேண்டும்.